களி உருண்டைக்குள் கடல்

வேணுகோபாலுக்கு வைகாசியில் கல்யாணம். ஆனி மாசம் முழுக்க அவன் கால் தரையில் பாவியதாகத் தங்கவயலின் ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஒருத்தர்கூடச் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஆடி பிறந்தது. புதுப் பெண்டாட்டியைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக மாமனார் தங்கவேலு வந்து நின்றார். வழக்கம் அப்படி, யார் என்ன செய்வது? ஒரு மாசம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று எல்லோரும் அவனைத் தேற்றினார்கள். ஆடி ஓடியது. ஆவணியும் பாதி ஓடிவிட்டது. போனவள்தான் வரவில்லை.

அவள் பெயர் சுந்தரி. அசலூர்க்காரி என்றாலும் அந்நியம் இல்லை. வேணுவின் அம்மா மணியம்மாளுக்குக் கூடப் பிறந்த அண்ணன் மகள்தான். தங்கவேலு இளவட்டமாக இருந்தபோதே சுரங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரியில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர். அங்கேயே பிறந்து, எழுந்ததும் கடலைப் பார்த்து, படுக்கும்போது கடலைக் கேட்டு வளர்ந்த பெண்ணைக் கொண்டுவந்து ஸ்கெலட்டனில் விட்டால் என்ன ஆகும்? இங்கே குழாயில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். நடுவீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது பூமி ஒரு உதறு உதறும். கீழே எங்கோ பாறை வெடிக்கிறது, நீ சாப்பிடு என்பார்கள். சுந்தரி பயந்த பெண் இல்லை. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே பழகிக்கொண்டாள். ஆனால் ஒரு சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல், தங்கம் எடுத்த கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டின் உச்சிவரை ஏறிப்போய் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியாக இறங்கிவந்து, எந்தப் பக்கமும் கடல் தெரியவில்லையே என்று வேணுவிடம் குறைபட்டுக்கொண்டாள். பாவம், நிஜமாகவே தேடியிருக்கிறாள்.

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவள் சொன்னதுதான் இத்தனைக்கும் காரணம். தங்கவேலு இடம் பிடிக்க உள்ளே போயிருந்தார். மணியம்மாள் பூ வாங்கப் போயிருந்தாள். ஜன்னல் கம்பி வழியாக அவன் காதருகே குனிந்து அவள் சொன்னாள்.

"மாமா, உங்க ஊர்ல எங்கியாச்சும் ஒரு கடல் பாத்து வைங்க. மறுநாளே வந்துடறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரயில் கிளம்பிவிட்டது. விளையாட்டா வினையா என்று தெரியாமல் அவன் பிளாட்பாரத்திலேயே நின்றான். ஆவணி வந்தும் அவள் வராதபோது, வினைதான் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். அம்மாவிடம் சுந்தரிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு புளுகு. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு புளுகு. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்கவே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பம்பாயிலிருந்து டாக்டர் சிவப்பிரகாசம் வந்து இறங்கினார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, கல் ஆராய்கிற டாக்டர். தங்கவயலுக்கு இந்த மாதிரி ஆட்கள் புதிதில்லை. ஆகாயத்திலிருந்து வருகிற கதிர்களைப் பிடிக்கிறோம் என்று சொல்லிப் பாதாளத்தில் பெட்டி வைத்துக் காத்திருந்த பம்பாய்க்காரர்களை எல்லாம் பார்த்த ஊர் இது. அதனால் ஒருத்தரும் அவரை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வேணு சுரங்கத்தில் சேம்பிளர். சுவரில் கல் பெயர்த்து, பையில் போட்டு, சீட்டு கட்டி, இதில் தங்கம் எவ்வளவு என்று பார்க்க அசே ஆபீசுக்கு அனுப்புவது அவன் வேலை. கல் பெயர்க்கத் தெரிந்தவன் என்று அவனை டாக்டரோடு சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஏற்றி அனுப்பினார்கள்.

டாக்டர் கேட்ட இடம் வேடிக்கையான இடம். தங்கம் இருக்கிற பக்கம் வேண்டவே வேண்டாம் என்றார். இல்லாத பக்கம், சிவப்பும் கறுப்புமாக வரிவரியாகப் பாறை ஓடுகிற பக்கம்தான் வேண்டுமாம். அப்படி ஒரு பழைய குடைவு இருந்தது. தங்கம் இல்லை என்று எப்போதோ கைவிட்டது. வேணு அங்கே கூட்டிப்போய் விளக்கைத் தூக்கிக் காட்டினான். மனுஷன் பாறையைப் பார்த்தாரோ இல்லையோ, இரண்டு கையையும் விரித்து அதன்மேல் சாய்ந்து கன்னத்தை வைத்துக்கொண்டார். கண்ணாடியில் ஆவி படிந்துபோயிற்று. வேணுவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனி மாசத்தில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பிறகு டாக்டர் பேச ஆரம்பித்தார். இந்த வரிப்பாறை ஒருகாலத்தில் கடலடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது என்றார். வேணு கையிலிருந்த உளி கீழே விழுந்தது.

"இங்கியா சார்? கடலா?"

"இங்கேதான். நாம நிக்கிறதே கடலோட அடித்தரை."

அதற்கப்புறம் அவர் சொன்னதை வேணு வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். தண்ணீருக்குள் இருக்கிற ஆக்சிஜனில் இலேசானது, கொஞ்சம் கனமானது என்று வகை உண்டாம். ஐசோடோப் என்று பெயராம். வெயில் கடலைப் புடைக்கும்போது, முறத்தில் பதர் பறக்கிற மாதிரி, இலேசானதுதான் அதிகமாக மேலே எழும்புமாம். அது மழையாகப் பெய்து ஆற்றோடு கடலுக்கே திரும்பிவிட்டால் ஒன்றும் மாறாது. ஆனால் பூமி குளிர்ந்துபோய், பெய்ததெல்லாம் பனிக்கட்டியாகத் தரைமேல் உட்கார்ந்துவிட்டால் திரும்பாது. கடல் இறங்கும். மிச்சத் தண்ணீரில் கனமானதின் பங்கு கூடும். அந்தச் சமயத்தில் அடியில் படிகிற கல், அந்தக் கனத்தை அப்படியே தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பனி உருகிக் கடல் ஏறும்போது படிகிற கல்லில் கனம் குறைந்திருக்கும். பம்பாயில் ஒரு மிஷின் இருக்கிறது, கல்லிலிருந்து ஆக்சிஜனைக் கறந்து அதில் விட்டால் கனமும் இலேசும் எவ்வளவு எவ்வளவு என்று காட்டிவிடும். கடல் ஏறியதா இறங்கியதா என்று அதை வைத்து யோசிக்கலாம் என்றார். இவ்வளவு கிழட்டுக் கல்லில் பூமிச் சூடு கணக்கைக் குழப்பிவிடும், பிடி கொடுக்குமா என்பதே சந்தேகம்தான், இருந்தாலும் விடுகிறதாக இல்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

ஏறுவதும் இறங்குவதும் வேணுவின் மண்டைக்குள் பாதிதான் ஏறியது. கடல் என்ற சொல் மட்டும் முழுசாக ஏறி உட்கார்ந்துகொண்டது. சுந்தரி கேட்ட கடல். மண்மேட்டு உச்சியில் ஏறித் தேடினாளே, அது அவள் காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. அவனுக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போட வேண்டும்போல இருந்தது. குடைவின் கூரை தாழ்வு என்பதால் போடவில்லை.

இந்த மாதிரி வரிக்கல் வெளியே மேட்டிலும் கிடக்கிறதே சார், அதுவும் கடல்தானா என்று ஆசையாகக் கேட்டான். அங்கேதான் டாக்டர் அவனை வம்பில் மாட்டிவிட்டார்.

"அதுவும்தான். ஆனா வெயிலும் மழையும் பட்ட கல்லை நம்ப முடியாது, அதுல மழைத் தண்ணி கலந்துடும். அசல் கடல் வேணும்னா இந்த ஆழத்துக்குத்தான் வரணும்."

பெண்டாட்டிக்குக் கலப்படக் கடலையா கொடுப்பது? வேணு அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான். டாக்டருக்கென்று பெயர்த்த கல்லெல்லாம் முறைப்படி அனுமதி வாங்கி, பெட்டியில் முத்திரை வைத்து, அவரோடு பெங்களூர் ரயில் ஏறிப்போயிற்று. தனக்கும் ஒரு துண்டுக்கு அனுமதி கேட்கலாம்தான். எதற்கு என்று கேட்பார்கள். பெண்டாட்டிக்கு என்றா சொல்வது? ஷாப்டில் இறங்குகிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஆகவே அவன் செய்யக்கூடாததைச் செய்தான்.

தங்கவயலில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. சுரங்கத்திலிருந்து மனுஷன் வெளியே வரலாம், கல் வரக்கூடாது. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் வாயைத் திற என்பார்கள், முடியை உதறு என்பார்கள், வேட்டியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். கையளவு கல்லோடு பிடிபட்டால் வேலை போகும், குடியிருக்கிற வீடு போகும், அப்புறம் ஜெயில். இதெல்லாம் தெரிந்தும் மறுநாள் அந்தக் குடைவுக்குப் போய் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்த்தான். விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிவப்பும் கறுப்பும் அலையலையாக ஓடியது. சனிக்கிழமை ரயில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கையில் இதை வைத்துவிட்டு, எடு பெட்டியை என்று சொல்லப் போகிறோம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டான். தூக்குச் சட்டியைத் திறந்தான். அம்மா கிண்டிக் கொடுத்த கேழ்வரகுக் களி அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் அவனுக்குப் பசியே எடுக்கவில்லை. உருண்டையைப் பிளந்து, கல்லை நடுவில் வைத்து, ஈரக்கையால் வழவழவென்று உருட்டி மூடினான். கல் இருந்த இடமே தெரியவில்லை. என்ன சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

சாமர்த்தியமாம், மண்ணாங்கட்டி. பாதாளச் சூட்டில் ஒரு ஷிஃப்ட் வேலை பார்த்தவன் களியை முழுசாகத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து இந்த உலகத்தில் யாராவது பார்த்ததுண்டா? சுரங்கத்தின் காவல் இன்ஸ்பெக்டர் ஏசுபாதம் பார்த்ததில்லை. அவர் நரைத்த மீசைக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல், மற்ற நாளில் வாசலில் முதல் கண். சட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இன்னா வேணு, பசியில்லியா?"

"வவுறு செரியில்ல சார்."

"வவுறு செரியில்லாதவன் முகம் இப்படியா கல்யாண மாப்பிள்ளை மாதிரி கீது?" என்று சொல்லிக்கொண்டே உருண்டையை இரண்டாகப் பிட்டார்.

அவ்வளவுதான். கல் அசே ஆபீசுக்குப் போயிற்று. வேணுவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. ரயில், ஜன்னல், சுந்தரி, கடல், இலேசு, கனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். எழுதிக்கொண்டிருந்த காவல்காரர் பாதியில் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். ஏசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை. பம்பாய்க்குத் தந்தி அடித்தார். டாக்டரிடமிருந்து பதில் வந்தது: அது கடலடிக் கல்தான், தங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அசே ஆபீசும் தங்கம் துளியும் இல்லை என்றே சொன்னது. இதைக் கேட்டு ஏசுபாதத்துக்குச் சந்தேகம் தெளிவதற்குப் பதில் இரண்டு மடங்காயிற்று. தங்கமில்லாத கல்லை ஒருவன் எதற்குத் திருட வேண்டும்? வாசலில் சோதனை எப்படி என்று நோட்டம் பார்க்கத்தான். இன்றைக்குக் களிக்குள் வெறுங்கல், நாளைக்குக் களிக்குள் தங்கம். அவர் கண்ட மனுஷர்கள் அப்படிப்பட்டவர்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். கடல் கேட்டவள் நேரில் வந்து, ஆமாம் கேட்டேன் என்று சொல்லட்டும். சொன்னால் முட்டாள்தனம் என்று எழுதி, எச்சரித்து, வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன். இல்லை என்றால், தங்கமில்லாத கல் என்பதால் போலீஸ் கேஸ் வேண்டாம், ஆனால் வேலை போச்சு.

மணியம்மாள் மகனைத் திட்டின திட்டில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் தெரு முனைக்குப் போய்விட்டது. திட்டிக்கொண்டே தபால் ஆபீசுக்கு நடந்து அண்ணனுக்குத் தந்தி கொடுத்தாள். மூன்றாம் நாள் தங்கவேலுவும் சுந்தரியும் வந்து இறங்கினார்கள். நேரே காவல் ஆபீசுக்கே வந்தார்கள். பெண்டாட்டியை அத்தனை நாள் கழித்துப் பார்த்ததில் வேணுவுக்கு ஒரு கணம் வேலை, வீடு, கல் ஒன்றும் நினைவில்லை. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

ஏசுபாதம் உட்காரச் சொல்லி, இரண்டு வழியையும் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டே வந்த தங்கவேலுவின் முகம் வேலை போச்சு என்ற இடத்தில் மலர்ந்தது. மகள் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: போனா போகட்டும் விடும்மா, ஐஸ் பேக்டரியில் ஆள் வேண்டுமென்று முதலாளி கேட்டுக்கொண்டே இருக்கிறார், மாப்பிள்ளையை நம்மோடு கூட்டிப் போய்விடலாம், எதிரே கடல், பக்கத்தில் நாங்கள், உனக்கும் நிம்மதி.

வேணு மனசுக்குள் கணக்குப் போட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்குக் கடலும் கிடைக்கும், புருஷனும் கிடைப்பான். ஆமாம் என்று சொன்னால் மறுபடி ஸ்கெலட்டன், மறுபடி குழாயடி. அதோடு போகுமா? ஊருக்கு வர மாட்டேன் என்று புருஷனிடம் சொன்ன மகராசி என்ற பேரும் கிடைக்கும். அவளும் சும்மா இருக்கவில்லை. இங்கே தண்ணீர்ப் பஞ்சம், புரட்டாசிவரைக்கும் அங்கேயே இரு என்று அத்தையே சொல்லிவிட்டார்கள் என்று அப்பாவிடம் அவள் ஒரு புளுகு புளுகியிருந்தாள் என்பது வந்த ஐந்தாவது நிமிஷத்திலேயே வெளிப்பட்டு, மணியம்மாள் அண்ணனை முறைத்துக்கொண்டு நின்றாள். வேணுவால் சுந்தரியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் இல்லை என்றே சொல்லட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். இந்த ஊரில் பிறந்தவன், இங்கே அப்பனும் தாத்தனும் இறங்கின அதே கேஜில் இறங்குகிறவன், அப்படி நினைக்கும்போது நெஞ்சு வலித்தது. அவள் சந்தோஷமாக இருந்தால் சரி என்று அந்த வலியையும் விழுங்கிக்கொண்டான்.

"சொல்லும்மா," என்றார் ஏசுபாதம். "இவங்கிட்ட நீ கடல் கேட்டியா?"

சுந்தரி அப்பாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"கேட்டேன் சார். வர மாட்டேன்னு நேரா சொல்ல வாய் வரல. அதனால கடல் கேட்டேன். ஊர்ல உலகத்துல யாரும் குடுக்க முடியாததுன்னுதான் கேட்டேன். இவரு குடுப்பாருன்னு எனக்குத் தெரியாது."

மணியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஏசுபாதம் எழுத வேண்டியதை எழுதி, நாளைக்கு ஷிஃப்டுக்கு வா என்று வேணுவிடம் சொன்னார்.

எல்லோரும் கிளம்பினார்கள். சுந்தரி மட்டும் நகரவில்லை. அந்தக் கல்லை நான் பார்க்க வேண்டும் என்றாள். ஏசுபாதம் நெளிந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். தங்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் கல்லை முழுசாக வைத்துக்கொண்டு பார்க்க முடியாதே. இடித்து, அரைத்து, சலித்துவிட்டார்கள். உள்ளே செம்மண் நிறத்தில் ஒரு பிடித் தூள் இருந்தது.

அவள் விரல் நுனியை ஈரமாக்கி அந்தத் தூளைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பே இல்லியே மாமா."

அவ்வளவு கேட்டால் போதாதா? வேணு ஆரம்பித்துவிட்டான். உப்பு போயிருக்கும், ஆனால் ஆக்சிஜன் போகவில்லை, அதில் கனமானது எவ்வளவு இலேசானது எவ்வளவு என்று பம்பாயில் மிஷின் சொல்லும், கடல் எப்போது ஏறியது எப்போது இறங்கியது என்று டாக்டர் கண்டுபிடிக்கப் பார்க்கிறார், வெளியே கிடக்கிற கல் வேண்டாம் என்றுதான் உள்ளே போனேன், அதில் மழைத் தண்ணி கலந்திருக்கும், இது அசல், சுத்த அசல் என்று மூச்சு வாங்கப் பேசினான். கையெல்லாம் ஆட்டினான். ஏறுகிற கடலுக்கு எழும்பினான், இறங்குகிற கடலுக்குக் குனிந்தான். அன்றைக்குப் பேனாவை வைத்துவிட்டுப் போய்ச் சிரித்த காவல்காரர் இந்தத் தடவை அறைக்குள்ளேயே சிரித்தார். தங்கவேலுவுக்கும் உதடு துடித்தது. சுந்தரி முதலில் வாயைப் பொத்தினாள், அப்புறம் பொத்திப் பயனில்லை என்று விட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். வேணுவும், எதற்கென்று தெரியாமலே, சேர்ந்து சிரித்தான்.

ஒருவழியாக அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினாள். ஏசுபாதத்தின் பக்கம் திரும்பினாள்.

"எம் புருஷன் எனக்குன்னு கொண்டாந்த கடல நீங்க இடிச்சு மாவாக்கிட்டீங்க சார். இவரு எனக்கு முழுசா இன்னொண்ணு கொண்டாந்து குடுக்கணும். அது வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், எங்கியும் போக மாட்டேன்."

ஏசுபாதத்துக்கு மீசை துடித்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாம்மா பேசற நீ? நான் இந்த வாசல்ல கீற வரைக்கும், எனக்கப்புறம் எவன் வந்தாலும், இங்கருந்து ஒரு கல்லு வெளிய போவாது. தெரிஞ்சிக்கோ."

"தெரியும் சார்," என்றாள் சுந்தரி. "அதான் சொல்றேன்."